பேஸ்மென்ட் சுவரை மூட முதல், பனி உருகட்டும்

கனடாவில், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் ஒரு வீடு. கணவர் இரவு வேலை முடித்து வந்து, சனி ஞாயிறுகளில் தானே பலகை அறுத்து, ஏழு மாதத்தில் பேஸ்மென்டை, அதாவது வீட்டின் நிலத்தடித் தளத்தை, அறைகளாகக் கட்டி முடித்திருந்தார். ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு அங்கேதான் அறை. பார்த்தால் குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் அவருடைய மனைவி என்னை வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: "அண்ணை, மழை பெய்தால் மட்டும் கீழே ஒரு மணம் வருது. மாமி இரவெல்லாம் இருமுறா."

சுவரின் அடிப்பலகையைக் கழற்றி, உள்ளே இருந்த மரச்சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். கேக்கில் கத்தி இறங்குவது போல இறங்கியது. சட்டத்தை மூடியிருந்த ஜிப்சம் பலகையில், அதாவது ட்ரைவாலில், ஒரு சதுரம் வெட்டி எடுத்தால், பிளாஸ்டிக் தாளின் உட்பக்கம் முழுக்க நீர்த்துளி. அதற்குப் பின்னால், குளிரைத் தடுக்க வைக்கும் இன்சுலேஷன் பஞ்சு ஊறிக் கனத்துத் தொங்கியது. மரத்தில் கறுப்பாகப் பூஞ்சணம்.

வீடுகளைப் பரிசோதிப்பது என் தொழில். இதே சுவரை ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். கொங்கிரீட் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் இருக்கும் வெதுவெதுப்பான காற்றும் அந்தக் குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகும். கொங்கிரீட்டை ஒட்டிப் பஞ்சை வைத்து, மேலே பிளாஸ்டிக்கை இழுத்து மூடினால் அந்த ஈரம் எந்தப் பக்கமும் காய வழியில்லை. நான் சொல்லும் முறை வேறு. முதலில் கெட்டியான ஃபோம் பலகையைக் கொங்கிரீட்டில் நேரே ஒட்டி, மூட்டுகளை டேப்பால் அடைத்து, அதற்கு முன்னால் சட்டம் அடியுங்கள். ஃபோம் தீப்பிடிக்கும் பொருள், அதனால் அதை வெறுமையாக விடாமல் ட்ரைவாலால் மூட வேண்டும். ட்ரைவாலின் அடி தரையைத் தொடாமல் அரை அங்குலம் மேலே நிற்கட்டும்.

இதெல்லாம் சுவர் காய்ந்திருந்தால்தான். இரண்டு அடி சதுரப் பிளாஸ்டிக்கைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் வேலையைத் தொடங்காதீர்கள். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலும் அப்படித்தான். வீடு வாங்கிய அதே குளிர்காலத்தில் பேஸ்மென்ட் கட்டத் தொடங்காதீர்கள் என்று நான் கெஞ்சுவதும் இதனால்தான். ஒரு முறை பனி உருகி, ஒரு பெருமழையும் பெய்யட்டும். 2013 ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 2024 ஜூலையில் திரும்பவும் கிட்டத்தட்ட 98. கழிவுநீர்க் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் வால்வுக்கு ரொறன்ரோ நகரசபை மானியம் தருகிறது, கேட்டுப் பாருங்கள்.

அம்மாவின் அறையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. யன்னல். பக்கமாகத் தள்ளும் யன்னல் என்பதால் பாதிதான் திறக்கும். பத்து வயது மகனை ஏறி வெளியே போகச் சொன்னேன். தோள் வரை போனான், பிறகு சிக்கிக்கொண்டான். அப்பாவின் முகம் மாறிவிட்டது. படுக்கையறை உள்ள தளத்தில் நேரே வெளியே போகும் கதவு இல்லையென்றால், ஒன்ராறியோ கட்டட விதிப்படி 0.35 சதுர மீட்டர் திறப்புள்ள யன்னல் வேண்டும். எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அகலம் 380 என்றால் உயரம் 920க்கு மேல் வரும். கண்ணாடியை அளக்காதீர்கள், திறந்த பிறகு கிடைக்கும் வெளியை அளந்து பாருங்கள். விதி தளத்துக்கு ஒன்று கேட்கிறது. ஆட்கள் தூங்கும் ஒவ்வொரு அறைக்கும் ஒன்று வையுங்கள் என்று நான் கேட்கிறேன். நடுச்சாமத்தில் படிக்கட்டில் புகை நின்றால் வேறு வழி கிடையாது.

நகரசபையின் கட்டட அனுமதி, அதாவது பெர்மிட், எல்லா வேலைக்கும் தேவையில்லை. ஆனால் புதுக் குளியலறை, யன்னலைப் பெரிதாக்குவது, தனி வாசல், வாடகைக்குத் தனி வீடு என்று வந்தால் கட்டாயம் வேண்டும். சொந்த வீட்டு வயரிங்கை நீங்களே செய்யலாம், சட்டம் தடுக்காது. மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்து, சுவரை மூட முதல் அவர்களின் பரிசோதகருக்குக் காட்டியாக வேண்டும். தாங்கு தூண் அறைக்கு நடுவில் இடைஞ்சலாக நிற்கிறதென்று அதைத் தொடவே தொடாதீர்கள்.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை அலுமாரிக்குள் வைப்பது போல இறுக்கி அடைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம் வரும். பழைய வகை ஃபர்னஸும் சுடுதண்ணீர்த் தொட்டியும் எரிவதற்கு அந்த அறையின் காற்றைத்தான் எடுக்கின்றன. காற்று போதாவிட்டால் கார்பன் மொனொக்சைட் உண்டாகி வீட்டுக்குள்ளேயே திரும்பலாம். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அதற்கான அலாரம் 2014 அக்டோபரிலிருந்தே இங்கு சட்டம்.

மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயுவான ரேடானையும் இப்போதே அளந்துவிடுங்கள். சிகரெட்டுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் அதுதான். குளிர்காலத்தில் மூன்று மாதம் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். கன மீட்டருக்கு 200 பெக்கெரலைத் தாண்டினால் தரையில் துளையிட்டுக் குழாய் இறக்க வேண்டிவரும். தரைப்பலகை போட்ட பிறகு அந்த வேலை இரட்டிப்பாகும்.

சரி, ஸ்காபரோ வீட்டுக்கு வருவோம். வெளியே போய்ப் பார்த்தால், கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாய் சுவரடியிலேயே முடிந்திருந்தது. மண்ணும் வீட்டுப் பக்கமாகச் சரிந்திருந்தது. குழாயை ஆறடி நீட்டி, மண்ணைப் போட்டுச் சரிவை மாற்றினார்கள். ட்ரைவாலை நான்கு அடி உயரத்துக்கு வெட்டி எறிந்தார்கள். அம்மா மேலே பேரனின் அறைக்கு மாறினார். அடுத்த ஏப்ரலில் நான் போனபோது கொங்கிரீட் சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடந்தது. கணவர் அதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, யன்னலை எவ்வளவு அகலமாக வெட்டலாம் என்று கேட்டார்.