தவறிய ஒலியை மறைக்காத மென்பொருள்

பாடலைக் கேட்கும்போது ஒலி ஒரு கணம் தடைபட்டால் மறுபடியும் ஓட்டிக் கேட்டுக்கொள்ளலாம். பதிவு செய்யும்போது தவறிய கணம் திரும்பி வராது. லினக்ஸ் இயங்குதளத்திலும் பிஎஸ்டி குடும்ப இயங்குதளங்களிலும் ஒலிப்பதிவுக் கருவிகளை எழுதிவரும் நான், இந்த வேறுபாட்டை மறந்த இடங்களிலெல்லாம் அடிபட்டிருக்கிறேன்.

நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியின் கணநேர அளவீடுகள்) என்ற வீதத்தில், 256 மாதிரிகள் கொண்ட ஒரு பகுதி நிரம்ப ஏறத்தாழ 5.3 மில்லிநொடி ஆகும். இத்தகைய பகுதிகளைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் நினைவிடமான பஃபர் நிரம்புவதற்குள் மென்பொருள் வந்து தரவை எடுத்துக்கொள்ளாவிட்டால், லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சா பதிவை நிறுத்திவிட்டுப் பிழை எண்ணைத் திருப்பி அனுப்பும். இதைத்தான் எங்கள் துறையில் எக்ஸ்ரன் என்கிறோம். யூனிக்ஸ் வழிவந்த கெர்னல்கள் (இயங்குதளத்தின் மையப் பகுதிகள்) பல பயனர்களிடையே நேரத்தைப் பங்கிடுவதற்கு எழுதப்பட்டவையாதலால், கெடு தவறாமையை அவை தாமாக உறுதியளிப்பதில்லை. ஆகவே ஒலியை வாங்கும் திரெட்டில் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை) நினைவகம் கேட்பது, பூட்டுக்காகக் காத்திருப்பது, வட்டில் எழுதுவது ஆகிய எதையும் செய்யாமல், தரவை ஒரு ரிங் பஃபரில் (முடிவை எட்டியதும் தொடக்கத்துக்கே திரும்பும் பஃபர்) போட்டுவிட்டு, கோப்பில் எழுதும் வேலையை வேறொரு திரெட்டிடம் விட்டுவிட வேண்டும்.

இதை அறிந்திருந்தும் நான் தவறினேன். ஒலி அளவைத் திரையில் அச்சிடும் ஒற்றை வரியை அந்தத் திரெட்டிலேயே விட்டுவைத்திருந்தேன். என் கணினியில் ஒரு சிக்கலும் எழவில்லை. மந்தமான இணைப்பில் எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது தொலைவிலிருந்து, அதை இயக்கிய ஒருவருக்கோ, டெர்மினல் எழுத்துகளை வாங்கிக்கொள்ளும் வரை என் நிரல் முடங்கி நின்றது. அதைவிடப் பெரிய தவறு, பிழை எண் வந்ததும் சத்தமில்லாமல் மீண்டு பதிவைத் தொடருமாறு நான் எழுதியிருந்ததுதான். விட்டுப்போன இடங்கள் ஒட்டப்பட்டு, பேச்சின் நடுவே சொற்கள் காணாமல் போயிருந்தன. கோப்பின் நீளத்தைக் கடிகாரத்தோடு ஒப்பிட்ட பிறகே அவருக்கு ஐயம் எழுந்தது. இப்போது என் மென்பொருள் இழந்த நேரத்துக்கு ஈடாக அமைதியை நிரப்பி, அந்த இடத்தையும் குறித்துவைக்கிறது.

ஒலித் திரெட்டை மற்ற வேலைகளுக்கு முன்பாக ஓடவிடும் நிகழ்நேர முன்னுரிமையைக் கெர்னலிடம் கேட்டால் இந்த ஆபத்து குறையும். ஆனால் பல லினக்ஸ் விநியோகங்களில் (லினக்ஸைத் தொகுத்துத் தரும் பதிப்புகள்) சாதாரணப் பயனருக்கு அது இயல்பாகக் கிடைப்பதில்லை. நிகழ்நேரத்துக்கான ப்ரீஎம்ப்ட்-ஆர்டி வசதியே 2024இல் வெளியான லினக்ஸ் 6.12இல்தான் முதன்மைக் கெர்னலில் முழுமையாகச் சேர்ந்தது.

அடுத்த தொல்லை, ஒலியட்டைக்கும் மென்பொருளுக்கும் இடையிலுள்ள அடுக்குகள். ஒரு காலத்தில் ஓஎஸ்எஸ் என்ற ஒலி இடைமுக முறையில் சாதனக் கோப்பைத் திறந்து படித்தாலே போதுமாயிருந்தது. ஃப்ரீபிஎஸ்டியில் அம்முறை இன்றும் இருக்க, ஓப்பன்பிஎஸ்டி எஸ்என்டிஐஓவையும், மேக்ஓஎஸ் கோர் ஆடியோவையும் பயன்படுத்துகின்றன. லினக்ஸிலோ ஆல்சாவின் மேல் பல்ஸ்ஆடியோ, ஜாக், பைப்வயர் என்று ஏதாவது ஒன்று அமர்ந்திருக்கும். நாம் கேட்ட வீதமும் ஒலியட்டை ஓடும் வீதமும் வேறுபட்டால், இடையிலுள்ள அடுக்கு சொல்லாமலே மாற்றித் தந்துவிடும். உரையாடலுக்கு அது வசதிதான். அளவீட்டுக்காகப் பதிவு செய்பவருக்கு அது பிழை.

இரண்டு யுஎஸ்பி மைக்குகளைச் சேர்த்துப் பதிவு செய்ய முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம் உண்டு. அவற்றிடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் 180 மில்லிநொடி விலகிவிடும். வீதத்தை இடைவிடாமல் திருத்திக்கொண்டிருந்தால் ஒழிய இது சரியாகாது.

கோப்பு வடிவமும் கைவிடக்கூடும். வேவ் கோப்பில் அளவைக் குறிக்கும் இடம் 32 பிட் மட்டுமே என்பதால், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இருதடப் பதிவு நான்கு மணி எட்டு நிமிடத்தை ஒட்டி 4 ஜிபி எல்லையைத் தொடும். நீண்ட பதிவுக்கு ஆர்எஃப்64 போன்ற வடிவம் தேவை. அந்த அளவைத் தாங்கும் தலைப்புப் பகுதியைக் கடைசியில் மட்டும் எழுதும் மென்பொருள் நடுவில் செத்தால், தரவு முழுவதும் வட்டில் இருந்தும் கோப்பின் நீளம் பூச்சியம் என்றே காட்டக்கூடும்.

முக்கியமான பதிவுக்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். ஆல்சாவை நேரடியாகப் பயன்படுத்திப் பதிவு ஓடும்போது, கில் கட்டளையின் ஸ்டாப் சமிக்ஞையால் மென்பொருளைப் பத்து நொடி உறையவைத்துத் தொடரவிடுங்கள். இழப்பை அது சொல்கிறதா என்று கவனியுங்கள். பிறகு மென்பொருளை உடனே கொல்லும் கில் -9 கொடுத்துவிட்டு, மிஞ்சிய கோப்பு திறக்கிறதா என்று பாருங்கள்.