பிரசவ ஜன்னி: ஒரே பேரில் இரண்டு நோய்

"பிரசவ ஜன்னி கண்டு செத்துப்போனாள்" என்று பழைய குடும்பக் கதைகளில் ஒரு வரி வரும். அது என்ன ஜன்னி என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்காது, ஏனென்றால் வெவ்வேறு காரணத்தால் வரும் இரண்டு நோய்களுக்கு அந்த ஒரே பேரைத்தான் வைத்திருந்தோம்.

ஜன்னி, சன்னி இரண்டுமே வடமொழி சந்நிபாதத்திலிருந்து தேய்ந்து வந்தவை. ஒன்றாகக் கூடி விழுவது என்று பொருள். வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெட்ட நிலை. காய்ச்சலில் பிதற்றினாலும் ஜன்னி, கை கால் இழுத்தாலும் ஜன்னி.

பிதற்றலோடு வரும் காய்ச்சலுக்குச் சரியான பெயர் பேறுகாலத் தொற்று. கருப்பைக்குள் புகுந்த கிருமி ரத்தம் வரை பரவிவிட்டால் உயிருக்கே ஆபத்து. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வந்த மாணவர்களை குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். சாவு மளமளவென்று குறைந்தது, அப்படியும் சக மருத்துவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை, அதுதான் கொடுமை.

இழுப்போடு வருவது எக்லாம்ப்சியா. பளிச்சென்று ஒளி வெட்டுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர், வலிப்பு திடீரென்று வருவதால். தமிழில் சூல்வலிப்பு. சூல் என்றால் கரு. மழை மேகத்தைக்கூடச் சூல் கொண்டது என்போமே, அதே சூல்தான். நல்ல சொல், ஆனால் ஒரு குறை: பிள்ளை பிறந்த பிறகும் இந்த வலிப்பு வரலாம், பேரைக் கேட்டால் அது தோன்றாது. அப்புறம், பெரும்பாலும் இது சொல்லாமல் கொள்ளாமல் வருவதும் இல்லை. கர்ப்பம் 20 வாரத்தைத் தாண்டிய பின் ரத்த அழுத்தம் 140/90ஐத் தொடுவது, சிறுநீரில் புரதம், விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று முன்பே அறிகுறி காட்டும். அந்த நிலைக்கு முன்சூல்வலிப்பு என்று பெயர்.

தாய் சாவுக்கு உலகளவில் முதல் காரணமான ரத்தப்போக்கு இந்த ஜன்னிக் கணக்கில் வருவதே இல்லை. ஜன்னியோ ரத்தப்போக்கோ, கர்ப்பத்திலும், கர்ப்பம் முடிந்த 42 நாளுக்குள்ளும், கர்ப்பம் தொடர்பான காரணத்தால் நேரும் சாவு எல்லாமே மகப்பேற்று இறப்புதான்.

பேச்சில் ஜன்னி என்றே சொல்லிக்கொள்ளலாம், ஆனால் எழுதும்போது காய்ச்சலா வலிப்பா என்று பிரித்து எழுதுங்கள். முன்னதற்கு ஆன்டிபயாடிக், பின்னதற்கு மக்னீசியம் சல்பேட்.