ஸ்கேவெஞ்சிங்: டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள்ள நடக்கிற அலசல்

டூ ஸ்ட்ரோக் ட்யூனிங் பத்தி ரெண்டு பேர் பேச ஆரம்பிச்சா முதல்ல சைலன்சர்ல தொடங்கும், அப்புறம் கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவ வெக்கிற ஜெட், அப்புறம் சிலிண்டர் ஓட்டைகள செதுக்குற போர்ட்டிங், கடைசில ஸ்கேவெஞ்சிங்னு ஒரு சொல்லு வந்து விழும், அதோட பாதி பேர் தலைய ஆட்டிட்டு பேச்ச மாத்திருவாங்க. எரிஞ்சு முடிஞ்ச புகைய சிலிண்டர விட்டு வெளிய தள்ளி, அந்த இடத்துல புது பெட்ரோல் கலவைய நிரப்புறதுக்குப் பேருதான் ஸ்கேவெஞ்சிங். ஃபோர் ஸ்ட்ரோக்ல இதுக்குன்னே பிஸ்டன் ஒரு தடவ மேல வந்து புகைய தள்ளும், இன்னொரு தடவ கீழ போய் புதுசா இழுத்துக்கும். டூ ஸ்ட்ரோக்ல அந்த சொகுசு கிடையாது. உள்ள வர்ற புதுக் கலவையேதான் பழைய புகைய தள்ளணும், அதுவும் புகை வெளிய போற ஓட்டை, அதாவது எக்ஸாஸ்ட் போர்ட், தொறந்தே கிடக்கிற நேரத்துல.

எவ்வளவு நேரம்னு கணக்குப் போட்டுப் பாருங்க. 10,000 ஆர்பிஎம்ல ஒரு சுத்துக்கு 6 மில்லிசெகண்ட். ரேஸுக்கு ட்யூன் பண்ணுன எஞ்சின்ல, ஒரு சுத்தோட 360 டிகிரில எக்ஸாஸ்ட் 190 டிகிரி, கீழ கிராங்க்கேஸ்ல இருந்து புதுக் கலவை மேல வர்ற டிரான்ஸ்ஃபர் போர்ட் 130 டிகிரி தொறந்திருக்குன்னு வெச்சுக்கிட்டா, மொத்த வேலையும் சுமார் 2.2 மில்லிசெகண்ட்ல முடியணும். அதுக்கு முன்னாடி புகையோட அழுத்தம் இறங்க கிடைக்கிறது ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துல பாதி, 30 டிகிரி, அதாவது அரை மில்லிசெகண்ட். அதுக்குள்ள அழுத்தம் இறங்கலன்னா டிரான்ஸ்ஃபர் தொறந்த உடனே புகை கீழ கிராங்க்கேஸுக்குள்ள பாயும். கிராங்க் எத்தன டிகிரி திரும்புச்சுன்னு காட்டுற டிகிரி வீல மாட்டிக்கிட்டு அரை டிகிரிக்கு சண்ட போடுறவங்கள பாத்து சிரிக்காதீங்க.

இப்ப சொல்லோட கதை. ஸ்கேவெஞ்சருங்கிறவர் ஆரம்பத்துல குப்பை அள்றவரே இல்ல, லண்டன்ல வரி வசூல் பண்ணுன அதிகாரி. வெளியூர் வியாபாரிங்க சரக்க விரிச்சுக் காட்டுனா அதுக்கு ஸ்கேவேஜ்னு ஒரு வரி. பாக்குறது, காட்டுறதுங்கிற அர்த்தத்துல இருந்த ஒரு பழைய ஃபிளெமிஷ் வேர்ல இருந்து வந்த பேர் அது. அந்த வரிய வாங்குன ஸ்கேவேஜர் கைக்கே பின்னாடி தெருவ சுத்தமா வெக்கிற பொறுப்பும் போச்சு, மெசேஜ் மெசெஞ்சர் ஆன மாதிரி நடுவுல ஒரு 'ன்' ஒட்டிக்கிச்சு, வரி மறந்துபோய் குப்பை மட்டும் மிஞ்சிருச்சு. அங்க இருந்துதான் எஞ்சினுக்குள்ள வந்து உக்காந்தது.

மத்த மொழிக்காரங்க இவ்வளவு சுத்தல. ஜெர்மன்காரன் ஷ்ப்யூலுங்னு சொல்றான், பாத்திரத்த அலசுறதுக்கும் அதே சொல்லுதான். இத்தாலிக்காரன் லவாஜ்ஜோ, கழுவுறதுன்னு அர்த்தம். பிரெஞ்சுக்காரன் பலயாஜ், ஜப்பான்காரன் ஸோக்கி, ரெண்டுமே பெருக்கித் தள்ளுறது. ஆக உலகத்துல ஒரு கூட்டம் கழுவுது, ஒரு கூட்டம் பெருக்குது.

தமிழ்ல என்ன வெக்கலாம்? அகராதிய தொறந்து அப்படியே மாத்துனா துப்புரவுன்னு வரும். எனக்கு அது ஒட்டல. நம்ம நாட்டுல ஸ்கேவெஞ்சர்ங்கிற சொல்லுக்கு வேற ஒரு கனம் இருக்கு, மனுஷங்கள வெச்சு மலம் அள்றத தடை பண்ணுன 1993 சட்டத்தோட பேர்லயே அது இருக்கு, அத கொண்டுவந்து பைக் பேச்சுல போட மனசு வரல. கழிவகற்றல்னு சொன்னா பாதி வேலையதான் சொல்லுது, புதுக் கலவை நிரம்புறது அதுல வரல. பெருக்கல், கூட்டல்னு போனா கணக்கு வாத்தியார் வந்துருவாரு. அதனால என் ஓட்டு அலசலுக்குத்தான். உள்ள ஊத்துறதே பழச அடிச்சுக்கிட்டுப் போகணும், கடைசில உள்ள நிக்கிறது புதுசா இருக்கணும், பாத்திரம் அலசுறப்ப நடக்கிறதும் அதுதானே. பத்திரிகைக்காரங்க விரிவான அலசல்னு ஆய்வுக்கு எடுத்து ஓட்டிட்டாங்க, ஆனா எஞ்சின் பேச்சுல யாரும் அத போட்டுக் குழப்பிக்க மாட்டாங்க.

அலசுற விதத்துலதான் டூ ஸ்ட்ரோக் வரலாறே இருக்கு. ஆரம்பத்துல பிஸ்டன் தலைல ஒரு மேடு வெச்சு, ஒரு பக்கம் வர்ற கலவைய அது மேல மோதவிட்டு மேல ஏத்துனாங்க. இது குறுக்கு அலசல். அந்த மேடு கனம், சூடும் ஏறும். 1920கள் நடுவுல ஜெர்மனில அடோல்ஃப் ஷ்னூர்லே டிரான்ஸ்ஃபர் போர்ட் ரெண்டையும் எக்ஸாஸ்டுக்கு முதுக காட்டுற மாதிரி சாய்ச்சாரு. ரெண்டு ஓட்டமும் எதிர் சுவர்ல சேர்ந்து, மேல ஏறி, ஹெட்ல திரும்பி, இறங்கி எக்ஸாஸ்டுக்குப் போகும். பிஸ்டன் தலை தட்டையா இருந்தாப் போதும். ஜெர்மன்ல இதுக்கு உம்கேர்ஷ்ப்யூலுங்னு பேரு, தமிழ்ல திருப்பு அலசல்னு சொல்லிக்கலாம். ட்சோபாவ் ஊர்ல இருந்த டிகேடபிள்யூ கம்பெனி இந்த முறைய 1939ல ஆர்டி 125 பைக்ல போட்டுச்சு. யமஹா 1955ல விட்ட முதல் பைக் ஒய்ஏ-1 அதோட காப்பி. நம்ம ஊர் ஆர்எக்ஸ் 100, சோழவரம் ரேஸ் டிராக்லயும் அப்புறம் இருங்காட்டுக்கோட்டை டிராக்லயும் கத்திக்கிட்டு ஓடுச்சே, அதுவும் இந்த வம்சம்தான்.

அதே ட்சோபாவ் ஃபேக்டரிதான் போருக்கு அப்புறம் எம்இசட் ஆச்சு, அங்க எஞ்சினியரா இருந்தவரு வால்டர் காடன். ரெண்டு டிரான்ஸ்ஃபர் போதாதுன்னு எக்ஸாஸ்டுக்கு நேர் எதிர்ல மூணாவதா ஒண்ணு வெச்சாரு, அது பிஸ்டன் வழியா வர்றதால கனெக்டிங் ராடோட சின்ன பேரிங்குக்கும் குளிர்ச்சி, எண்ணெய் ரெண்டும் கிடைச்சுது. சைலன்சர்ல அழுத்த அலை எப்படிப் போய் எப்படித் திரும்பி வருதுன்னு, அத திரைல காட்டுற ஆசிலோஸ்கோப் வெச்சுப் பாத்தாரு, ஏன்னா எக்ஸாஸ்ட் வழியா நழுவுற புதுக் கலவைய திரும்ப உள்ள தள்ளுறது அந்த அலைதான். 1961ல காத்துல ஆறுற ஒத்த சிலிண்டர் 125ல 25 குதிரை சக்தி, 10,800 ஆர்பிஎம்ல. லிட்டருக்கு 200! அதே வருஷம் எம்இசட் ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் ரேஸுக்குப் போனவர் அப்படியே கிழக்கு ஜெர்மனிய விட்டுத் தப்பிச்சு சுசுகிகிட்ட போயிட்டாரு, 1962ல 50 சிசி உலக சாம்பியனும் ஆனாரு.

சரி, அலசல் நல்லா நடக்குதான்னு எப்படிப் பாக்குறது? லேப்ல அதுக்கு ஜான்டே டெஸ்ட் இருக்கு, ஹெட்ட கழட்டிட்டு பிஸ்டன கீழ நிறுத்தி, அடில இருந்து காத்த ஊதி, மேல வரிசையா காத்தோட வேகத்த அளக்குற பிட்டோ குழாய் வெச்சு எந்த இடத்துல என்ன வேகம்னு வரைபடம் போடுவாங்க. எக்ஸாஸ்டுக்கு எதிர் பாதில காத்து மேல ஏறணும், எக்ஸாஸ்ட் பக்கம் இறங்கணும், இடமும் வலமும் ஒண்ணுபோல இருக்கணும்.

பட்டறைல இதுக்கு வழி பிஸ்டன் தலைதான். ஃபுல் த்ராட்டில்ல டாப் கியர்ல நல்லா இழுத்துட்டு, அப்படியே கிளட்ச்ச பிடிச்சு கில் சுவிட்ச்ச அமுக்கி வண்டிய உருளவிட்டு நிறுத்துங்க, ஐடிலிங்ல விட்டா படிஞ்ச தடம் அழிஞ்சிரும். ஆறுனதும் ஹெட்ட தூக்குனா, பிஸ்டன் நடுவுலயும் எக்ஸாஸ்ட் பக்கமும் கருப்பா கார்பன், டிரான்ஸ்ஃபர் ஒவ்வொண்ணுக்கும் நேரா ஓரத்துல மட்டும் அலுமினியம் பளிச்சுனு தெரியும். மெக்கானிக் இத வாஷ்னுதான் சொல்வாரு. அந்தப் பளிச்சு ரொம்ப விரிஞ்சிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, ஓரம் வரைக்கும் காஞ்சு போயிருந்தா மெயின் ஜெட் சின்னது, அடுத்த ரவுண்ட்ல பிஸ்டன் சூட்டுல இறுகி சீஸ் ஆக வாய்ப்பு இருக்கு. இடது பக்கம் பெருசு வலது பக்கம் சின்னதுன்னு இருந்தா ஜெட்ட தொடாதீங்க, சிலிண்டர் பிளாக்கும் கிராங்க்கேஸும் சேர்ற இடத்துல கேஸ்கெட் நீட்டிக்கிட்டு ஒரு பக்க வழிய மறைக்குதான்னு பாருங்க. பெரும்பாலும் அங்கதான் இருக்கும்.

ஒரு இடத்துல மட்டும் அலசல் செல்லாது. ரேஸ் கார், எண்ணெய அடில வெக்காம தனி டேங்க்ல வெக்கிற டிரை சம்ப் எஞ்சின் இதுலலாம் ஸ்கேவெஞ்ச் பம்ப்னு ஒண்ணு வரும், அது அடில தேங்குற எண்ணெய உறிஞ்சி டேங்குக்கு அனுப்புற பம்ப். அத அலசல் பம்ப்னு எழுதிராதீங்க, எண்ணெய் மீட்பு பம்ப்னு போட்டுக்கலாம்.