பள்ளி முற்றத்தில் மரம் செய்யும் வேலைகள்

பார்சிலோனா நகரில் 2012, 2013 ஆண்டுகளில் 36 தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த 2,593 பிள்ளைகளை ஆய்வாளர்கள் ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். எல்லோரும் 7 முதல் 10 வயதுக்குள் இருந்தவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணினித் திரையில் நினைவாற்றலுக்கும் கவனத்துக்கும் சோதனை வைத்தார்கள். பசுமையின் அளவைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுத்தார்கள். இலை சிவப்பு ஒளியை விழுங்கிக்கொள்ளும், அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஓரிடம் எவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று சொல்லிவிடும்.

பள்ளிக்குள்ளும் அதைச் சுற்றியும் பசுமை கூடுதலாக இருந்த பிள்ளைகளின் செயல்நினைவு அந்த ஓராண்டில் சற்று வேகமாக வளர்ந்திருந்தது. மனக்கணக்குப் போடும்போது இடையில் வந்த எண்ணை மறக்காமல் பிடித்து வைத்திருக்கிறோமே, அந்தத் திறன்தான் செயல்நினைவு. பசுமை குறைந்த சூழலிலிருந்து நிறைந்த சூழலுக்குப் போனால் வளர்ச்சி சுமார் 5 சதவீதம் கூடியது. பெரிய எண் இல்லைதான். வீட்டைச் சுற்றியிருந்த பசுமையிலோ அப்படித் தெளிவான தொடர்பு எதுவும் தெரியவில்லை. பள்ளி இருக்கும் இடமே முக்கியமாக இருந்தது.

இதில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று உண்டு. கிடைத்த பலனில் 20 முதல் 65 சதவீதம் வரை, பசுமையான பள்ளிகளில் வண்டிப்புகைக் கரி குறைவாக இருந்ததாலேயே வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதாவது பச்சை நிறத்தைப் பார்த்ததால் மட்டும் மூளை வளர்ந்துவிடவில்லை. மரம் ஒரே நேரத்தில் நாலைந்து வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது. எந்த வேலை வேண்டும் என்பதைப் பொறுத்து நடும் செடியும் இடமும் மாறும். இதைப் பிரித்துப் பார்க்காமல் கன்று நட்டால் காசு வீணாகும்.

புகையையே எடுத்துக்கொள்வோம். இலைகள் புகையை வடிகட்டும் அளவு மிகக் குறைவு. சாலைக்கும் முற்றத்துக்கும் நடுவே அடர்ந்த புதர்வேலி இருந்தால், அது காற்றை மேலே தூக்கிவிட்டுப் புகையைக் கலைக்கிறது. வேலி தரையிலிருந்தே அடர்த்தியாக எழ வேண்டும், இரண்டு மீட்டராவது உயரம் வேண்டும். அடியில் இடைவெளி விட்டால் வண்டிகளின் புகைக்குழாய் உயரத்திலேயே ஓட்டை வைத்ததுபோல ஆகிவிடும். குறுகலான தெருவில் இரு பக்கமும் குடைபோல் கவிந்த மரங்களை நட்டால் நிலைமை இன்னும் மோசம்: புகை மேலே போக வழியில்லாமல் கீழேயே தங்கும்.

அடுத்தது வெயில். புதிய தார்த்தளம் தன் மேல் விழும் வெயிலில் 90 சதவீதத்துக்கும் மேல் உள்வாங்கிக்கொள்கிறது. கோடை மதியத்தில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். செயற்கைப் புல்லும் ரப்பர் தளமும் அதைவிடச் சூடாகலாம், பெயரிலும் நிறத்திலும் எவ்வளவு பசுமை இருந்தாலும். உடம்புக்கு வரும் சூடு காற்றிலிருந்து மட்டும் வருவதில்லை. வெயிலும் தரையும் சுவரும் வீசும் கதிர்வீச்சு பெரும்பங்கு. ஏழு வயதுப் பிள்ளை தரைக்கு அருகில் இருப்பதால், உட்கார்ந்து விளையாடுவதால், ஆசிரியரைவிட அதிகமாகவே அந்தச் சூட்டை வாங்குகிறது.

மரத்தடியில் காற்றின் வெப்பநிலை ஓரிரு டிகிரிதான் குறையும். சாதாரண வெப்பமானியை மாட்டிப் பார்த்துவிட்டு ‘பெரிதாக ஒன்றும் இல்லையே’ என்று சொல்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். உடல் உணரும் கதிர்வீச்சு வெப்பமோ 20, 30 டிகிரிகூடக் குறையும். நிழல் வெயிலை மறிப்பது முதல் காரணம், இலை தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்வது அடுத்த காரணம்: ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.68 கிலோவாட்-மணி வெப்பம் வேண்டும். ஒரு மரம் ஒரு நாளில் 100 லிட்டர் நீரை வெளிவிட்டால், 68 கிலோவாட்-மணி வெப்பத்தைச் செலவழித்துவிடுகிறது. நிழல் துணி கட்டினாலும் வெயில் மறையும், ஆனால் துணியே சூடேறிக் கீழே வீசத் தொடங்கும். நீர் கிடைக்காத மரமும் இலைத்துளைகளை மூடிக்கொண்டு ஆவியாக்குவதை நிறுத்திவிடும். அப்போது மிஞ்சுவது நிழல் மட்டும்.

பாரிஸ் நகரம் இதே கணக்கில்தான் 2018-ல் மூன்று பள்ளிகளில் தாரைப் பெயர்க்கத் தொடங்கியது. அந்நகரின் பள்ளி முற்றங்களைச் சேர்த்தால் 70 ஹெக்டேருக்கு மேல் வரும். பார்சிலோனா 11 பள்ளிகளை ‘காலநிலைப் புகலிடம்’, அதாவது கடும் வெயிலில் ஒதுங்கும் இடம், ஆக்கி மரம், நிழற்பந்தல், குடிநீர்க் குழாய் மூன்றையும் சேர்த்து வைத்தது. மரம் குடைவிரிக்கப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும் என்பதால், அதுவரை பந்தல் என்ற ஏற்பாடு புத்திசாலித்தனமானது.

கவனம் பற்றி அமெரிக்காவின் இலினாய்ஸில் நடந்த ஒரு நல்ல சோதனை 2016-ல் வெளியானது. தொடக்கப் பள்ளி இல்லை, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 94 பேர். ஒரு பகுதியினர் சன்னலே இல்லாத அறையில், ஒரு பகுதியினர் கட்டடம் தெரியும் சன்னலோடு, மீதிப்பேர் மரம் தெரியும் சன்னலோடு உட்கார்ந்தார்கள். வேலை செய்துகொண்டிருந்தபோது மூன்று கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. பிறகு பத்து நிமிட இடைவேளை விட்டார்கள். அதன்பின் வைத்த சோதனையில் மரம் தெரிந்த அறையில் இருந்தவர்களின் கவனம் முன்னேறியிருந்தது, படபடப்பும் அவர்களுக்கே வேகமாகத் தணிந்தது. ஆகவே பசுமை வேலை செய்யும் நேரம் பாடவேளை இல்லை, இடைவேளை. மணி அடித்தும் பிள்ளைகளை வகுப்பிலேயே உட்காரவைத்து வீட்டுப்பாடம் முடிக்கச் சொல்லும் பள்ளியில் எத்தனை மரம் இருந்தும் பலன் பாதிதான்.

ஆசிரியர்கள் பற்றிய ஆய்வுகள் மிகக் குறைவு. இருப்பவற்றில் கவனிக்கத்தக்கது ஒன்று, 2018-ல் வந்தது: ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே தலைப்பிலான பாடங்களை ஒரு முறை வகுப்பறையிலும் ஒரு முறை மரங்களுக்கு நடுவிலும் நடத்தினார்கள். அதற்கு அடுத்த பாடவேளையில் ‘பேசாதே’, ‘இங்கே பார்’ என்று ஆசிரியர் குறுக்கிட வேண்டியிருந்த தடவைகளை எண்ணினார்கள். வெளியே பாடம் நடந்த நாட்களில் அது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆசிரியரின் தொண்டைக்கும் மனசுக்கும் கிடைக்கும் ஓய்வு இப்படிப் பிள்ளைகள் வழியாகவே வருகிறது.

அதேசமயம் வேலையும் கூடுகிறது, இதை மறைக்கக் கூடாது. புதர் மறைவில் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் மேற்பார்வை ஆசிரியர் ஒரு நிமிடமும் நிம்மதியாக நிற்க மாட்டார். முற்றத்தின் உட்புறத்தில் புதர்களை ஒரு மீட்டருக்குக் கீழே வெட்டி வைத்து, மரக்கிளைகளை இரண்டு மீட்டருக்கு மேலே தூக்கிக் கவாத்து செய்தால், பெரியவர்களின் கண்மட்டம் முழுக்கத் திறந்திருக்கும். ஆசிரியருக்கும் நிழலில் ஒரு பெஞ்ச் போட வேண்டும், முற்றம் முழுக்கத் தெரிகிற இடத்தில். பல முற்ற வரைபடங்களில் அது இருப்பதே இல்லை.

இன்னும் இரண்டு பலன்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். பின்லாந்தில் மழலையர் காப்பகங்களின் முற்றங்களில் காட்டு மண்ணையும் புல்தரையையும் பரப்பினார்கள். 28 நாட்களில் பிள்ளைகளின் தோலில் வாழும் நுண்ணுயிர் வகைகள் பெருகின, நோய்எதிர்ப்பைச் சீர்படுத்தும் உயிரணுக்களின் அடையாளங்களும் இரத்தத்தில் மாறின. கண்ணுக்கு: சீனாவின் குவாங்சோவில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விடப்பட்ட பிள்ளைகளில் மூன்றாண்டில் கிட்டப்பார்வை வந்தது 30.4 சதவீதம் பேருக்கு. மற்ற பள்ளிகளில் 39.5. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்ற அலகில் வகுப்பறைக்குச் சில நூறுதான், மரநிழலிலோ ஆயிரக்கணக்கில். அதனால் இதற்காக வெயிலில் நிறுத்த வேண்டியதில்லை.

இனி, என்ன கெட்டுப்போகிறது என்பதற்கு வருவோம். முதல் எதிரி பிள்ளைகளின் கால்கள். முந்நூறு பேர் தினமும் மிதித்தால் மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றறைகள் நசுங்கும்; நீர் இறங்காது, வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது, மரம் மெல்ல உச்சியிலிருந்து காயத் தொடங்கும். அடிமரத்தைச் சுற்றித் தாழ்ந்த கயிற்றுவேலி போட்டு, 7 முதல் 10 சென்டிமீட்டர் தடிமனுக்கு மூடாக்கு, அதாவது மண்ணை மூடும் சருகு அல்லது மரச்சில்லு, இடுங்கள். மூடாக்கு மரப்பட்டையைத் தொடாமல் ஒரு சாண் தள்ளியிருக்கட்டும், இல்லாவிட்டால் பட்டை அழுகும். தாரில் ஒரு சதுரம் வெட்டி அதில் கன்றை நட்டால் போதாது: நடுத்தர மரம் ஒன்றின் வேருக்குப் பத்துக் கன மீட்டர் இளக்கமான மண்ணாவது வேண்டும்.

ஏறி விளையாடும் சாதனங்களுக்கு அடியில் மரச்சில்லுகள் போடுவதானால், பிள்ளை விழக்கூடிய உயரம் இரண்டு மீட்டர் வரை என்றால் 20 சென்டிமீட்டர், மூன்று மீட்டர் வரை 30 சென்டிமீட்டர் ஆழம் என்பது ஐரோப்பியத் தரநிலை. கால்பட்டு விலகிப்போவதற்கு மேலும் 10 சென்டிமீட்டர் சேர்க்க வேண்டும். சில்லு மக்கிப் படிந்துவிடும், ஆண்டுதோறும் நிரப்பாவிட்டால் ஆழம் காகிதத்தில் மட்டும் இருக்கும். சேறும் மணலும் வகுப்புக்குள் வரும், தூய்மைப் பணியாளரின் வேலை கூடும். வாசலுக்கு முன் சில மீட்டர் கெட்டித்தரையும் கால்தட்டும் பாயும் வைத்தால் பெரும்பகுதி வெளியிலேயே நின்றுவிடும்.

இரண்டாவது எதிரி விடுமுறை. ஐரோப்பாவில் வசந்தத்தில் நட்ட கன்று பள்ளி பூட்டிக்கிடக்கும் ஆகஸ்டில் காய்ந்துபோகும். தமிழ்நாட்டில் வன மகோத்சவம் என்று ஜூலையில் நட்டது அடுத்த மே மாதத்தில் அதே கதிக்கு ஆளாகும். முதல் மூன்று கோடைகளில் வாரத்துக்கு இரண்டு முறை, தடவைக்கு 20 முதல் 40 லிட்டர் யார் ஊற்றுவார்கள் என்பதைக் குழி தோண்டும் முன்பே எழுதி வைக்க வேண்டும். பிள்ளைகள் கைபடும் உயரத்தில் நச்சுச்செடிகளான அரளி, பொன்னரளி, ஊமத்தை, ஆமணக்கு எதுவும் வேண்டாம். பூ அழகாக இருக்கிறதென்று சுற்றுச்சுவர் ஓரமாக அரளியை நட்டிருக்கும் பள்ளிகள், வேறு எதற்கும் முன் அதைப் பிடுங்க வேண்டும்.