மிஞ்சிய நரம்புகள் சுமக்கும் தசை

போலியோ தாக்கிய குழந்தைக்குக் காய்ச்சல் வந்த சில நாட்களிலேயே கால் துவண்டுவிடும். ஆனால் அடுத்தடுத்த மாதங்களில் பல குழந்தைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அசைவு திரும்பும். சிலர் எழுந்து நடக்கவும் செய்வார்கள். வைரஸ் கொன்றதோ தண்டுவடத்தில் இருக்கும் இயக்க நரம்பணுக்களை. அவை செத்தால் செத்ததுதான், புதியவை முளைப்பதில்லை. அப்படியென்றால் பலம் எங்கிருந்து திரும்பி வந்தது?

நோயில் நலிந்து, சாகாமல் தப்பிய நரம்பணுக்கள் தேறிவருவது ஒரு காரணம். வேலை செய்யும் தசைநார்கள், அதாவது தசையை ஆக்கும் மெல்லிய நூல்கள், தடிப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்கு இன்றுவரை வியப்பைத் தருவது: பிழைத்த நரம்புகள் புதுக் கிளை விட்டு, நரம்பை இழந்த தசைநார்களைத் தேடிப் பிடிக்கின்றன. வாய்க்கால் தூர்ந்த வயலுக்குப் பக்கத்து வாய்க்காலிலிருந்து மடை வெட்டுவது போல.

இது எப்படிச் சாத்தியம்? ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் ஒரே ஒரு நீண்ட இழையை, அதாவது ஆக்சானை, தசைக்கு அனுப்புகிறது. பெரியவர்களின் காலில் அது ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். தசைக்குள் போனதும் அது பல கிளைகளாகப் பிரிகிறது. ஒரு கிளைக்கு ஒரு தசைநார். கண்ணை அசைக்கும் தசையில் ஒரு நரம்பணுவின் பொறுப்பில் பத்துத் தசைநார்கள் இருந்தால், கெண்டைக்கால் தசையில் ஆயிரத்துக்கும் மேல். ஒரு நரம்பணுவும் அதன் நார்களும் சேர்ந்த இந்தக் கூட்டத்துக்கு இயக்க அலகு என்று பெயர். ஓர் அலகின் நார்கள் ஒரே இடத்தில் குவிந்திருப்பதில்லை, மற்ற அலகுகளின் நார்களோடு கலந்து கிடக்கின்றன. அதனால் ஒரு நரம்பணு செத்து அதன் இழை சிதைந்தாலும், கைவிடப்பட்ட நாருக்குப் பக்கத்திலேயே உயிருள்ள நரம்பு ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

நரம்பை இழந்த தசைநார் சும்மா இருப்பதில்லை. நரம்பிலிருந்து வரும் அசிட்டைல்கோலினைப் பிடிக்கும் ஏற்பிகள் அதுவரை நரம்பு தொடும் சின்ன இடத்தில் மட்டும் குவிந்திருந்தன. இப்போது அவற்றை நார் தன் உடம்பு முழுக்கப் பரப்பிக்கொள்கிறது. அந்தச் சந்திப்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்கள் நாலாபக்கமும் மெல்லிய கரங்களை நீட்டுகின்றன. அப்படி நீண்ட ஒரு கரம் பக்கத்து நாரின் உயிருள்ள சந்திப்பைத் தொட்டுவிட்டால் போதும், அங்கிருந்து ஒரு முளை கிளம்பி அந்தக் கரத்தின் மேலேயே ஊர்ந்து காலி இடத்துக்கு வந்து சேர்கிறது. முளை வழிகாட்டியின் பின்னால் போகிறது என்பதை 1990களில்தான் நுண்ணோக்கியில் தெளிவாகப் பார்த்தார்கள். இழையின் நுனியில் மட்டுமல்ல, நடுவில் இழையைச் சுற்றியிருக்கும் மையலின் என்னும் கொழுப்பு உறை விட்டுப்போகும் ரான்வியர் கணுக்களிலிருந்தும் கிளைகள் கிளம்புவதுண்டு.

வந்து சேரும் முளை பெரும்பாலும் பழைய இடத்திலேயே அமர்கிறது. தவளைகளில் தசைநாரையே அழித்துவிட்டு, அதைச் சுற்றியிருந்த மெல்லிய சவ்வுறையை மட்டும் விட்டுவைத்துப் பார்த்தார்கள். 1978இல் சேன்ஸ், மார்ஷல், மெக்மஹான் மூவரும் வெளியிட்ட முடிவு இது: உள்ளே தசையே இல்லாதபோதும் நரம்புகள் திரும்பி வந்து உறையில் பழைய சந்திப்பு இருந்த அதே இடத்தைப் பிடித்தன. இடத்தின் அடையாளம் அந்த உறையிலேயே பதிந்திருக்கிறது.

நரம்பு வெட்டுப்பட்டால் கதை வேறு. அப்போது நரம்பணு உயிரோடுதான் இருக்கும், வெட்டிய முனை தானே வளர்ந்து வர வேண்டும். வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். பைக் விபத்தில் கழுத்தருகே நரம்பு அறுந்தால் உள்ளங்கைக்கு வந்து சேர இரண்டு வருடம் போல ஆகிவிடும். தசையோ ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருக்காது, தழும்புத் திசுவாக இறுகிவிடும். அதனால்தான் பக்கத்து நரம்பிலிருந்து ஒரு சின்னக் கற்றையைப் பிரித்து, தசைக்கு அருகிலேயே ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சையைச் சீக்கிரமே செய்யச் சொல்கிறார்கள்.

சரி, கிளைவிடுதலுக்கு எல்லை உண்டா? விலங்குகளில் செய்த சோதனைகளின்படி, ஒரு நரம்பணு தன் வழக்கமான பங்கைப் போல சுமார் ஐந்து மடங்கு வரை தசைநார்களைச் சேர்த்துக்கொள்ள முடியும். அதற்கு மேல் பெரும்பாலும் முடியாது. இயக்க நரம்பணுக்கள் படிப்படியாகச் சாகும் ஏ.எல்.எஸ். போன்ற நோயில் நரம்பணுக்கள் பாதிக்கு மேல் போன பிறகும் தசை ஓரளவு தாக்குப்பிடிப்பதும், பலவீனம் தாமதமாகத் தெரிவதும் இதனால்தான்.

போலியோவிலிருந்து மீண்டவர்கள் இந்தப் பெருத்த அலகுகளோடுதான் வாழ்நாள் முழுக்க நடக்கிறார்கள். 15 முதல் 40 வருடங்கள் கழித்து அவர்களில் பலருக்குப் புதிதாகப் பலவீனமும் வலியும் கடும் அசதியும் வருகின்றன. அளவுக்கு மீறிப் பரந்த கிளைகளை நரம்பணுவால் தொடர்ந்து பராமரிக்க முடியாமல், நுனிகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். வயதானால் எல்லோருக்குமே நரம்பணுக்கள் குறையும். இவர்களிடம் அதை ஈடுகட்ட மிச்சம் எதுவும் இல்லை.

இந்தியாவில் கடைசி இயற்கை வைரஸ் போலியோ 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானது. நோய் போய்விட்டது என்று நாடு நிம்மதி அடைந்தது நியாயம்தான். ஆனால் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பாதிக்கப்பட்ட குழந்தைகள் இப்போது நாற்பதிலும் ஐம்பதிலும் இருக்கிறார்கள். "கால் முன்னைப் போல இல்லை" என்று அவர்கள் சொல்லும்போது வயசாகிறது, சோம்பல், இன்னும் நடங்கள் என்று அனுப்பிவைப்பது அநியாயம். தசை தளரும் வரை பயிற்சி செய்வது அவர்களுக்குக் கெடுதலாகலாம். கொஞ்சம் செய்து, ஓய்வெடுத்து, மறுபடி செய்வதே பொருத்தம். அப்புறம், சின்ன வயதில் எது "நல்ல கால்" என்று நினைத்தார்களோ, அதையும் ஈ.எம்.ஜி., அதாவது தசையின் மின் அலைகளைப் பதியும் சோதனை, செய்து பார்க்க வேண்டும். பெருத்த அலகுகள் அதில் வழக்கத்தைவிட மிக உயரமான அலைகளாகத் தெரியும். அந்தக் காலும் அன்றே பாதி நரம்பணுக்களை இழந்து, மிஞ்சியவற்றின் தயவில் நடந்துகொண்டிருந்திருக்கலாம்.