மூன்றரை மணிக்குப் போட்ட கையெழுத்து

கடலூர் சிப்காட்டில் பாதுகாப்பு அதிகாரியாக இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டேன். ஆபத்தான வேலையைத் தொடங்க அனுமதி தரும் பர்மிட்டில் போட்ட கையெழுத்துகளுக்குக் கணக்கில்லை. அவற்றில் ஒன்றை மட்டும் இன்றுவரை மறக்க முடியவில்லை. அதனால் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை என்றாலும்.

ஐப்பசி மழை நாள் அது. கழிவுநீர் சுத்திகரிக்கும் இடத்தில் ஒரு தொட்டியின் அடியில் பம்ப் அடைத்துக்கொண்டது. ஆளை இறக்கித்தான் எடுக்க வேண்டும். காலை 8 மணிக்கு கேஸ் டிடெக்டரைக் கயிற்றில் கட்டி, மேலே, நடுவில், அடியில் என மூன்று இடத்திலும் பார்த்தோம். ஆக்சிஜன் 20.8 சதவீதம், விஷ வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு பூஜ்யம். பர்மிட் போட்டு ஆள் இறங்கி, பாதிச் சகதியை அள்ளியாயிற்று. மதியம் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் மேலே ஏறிவிட்டார்கள்.

மழை விட்டபோது மணி மூன்றரை. பக்கத்துத் தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. வழிந்தால் மழைநீர் வாய்க்காலில் கலந்து உப்பனாற்றுக்குப் போய்விடும். தயாரிப்புப் பகுதியிலிருந்து ஃபோன் மேல் ஃபோன். சூப்பர்வைசர் பர்மிட்டை நீட்டினார். "காலையிலயே பாத்தாச்சு சார். கால் மணி நேர வேலைதான்."

நேரத்தை நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டிருந்த காண்ட்ராக்ட் தொழிலாளி, குடிகாடு ஊர்க்காரர், தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், இன்னொரு தடவ அந்தப் பொட்டிய உட்டுப் பாத்துடலாமா?" விட்டோம். பாதி ஆழத்திலேயே டிடெக்டர் கத்த ஆரம்பித்தது. அடியில் 80 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் 80 பங்குக்கு) மேல் ஹைட்ரஜன் சல்பைடு.

காலையில் கிளறிவிட்ட சகதி, நாங்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வாயுவைக் கக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. காற்றைவிடக் கனமான வாயு, அடியிலேயே தேங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் 100 பிபிஎம்மை ஒட்டி மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து உள்ளே நிற்பவர், அளவு இன்னும் ஏறினால் நிமிஷக் கணக்கில் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க அடுத்தவர் குதிப்பார். இந்த ஊரில் ரசாயன ஆலை வேலைக்குப் போகும் ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரியாததல்ல. இதைத்தான் நான் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். இப்படிப்பட்ட இடத்தில் மூச்சுக் கருவி இல்லாமல் ஆளை இறக்கும் முன், தகுதியானவர் ஒருவர் தானே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே 36-ஆம் பிரிவில் எழுதிவைத்தது. தெரிந்தும் ஏன் போட்டேன்? பல இரவுகள் இதையே யோசித்தேன்.

காலையில் எல்லோர் மனதிலும் இருந்த கேள்வி, "இறங்கலாம் என்பதற்கு என்ன ஆதாரம்?" மூன்றரை மணிக்கு அது எங்களை அறியாமலே திரும்பிக்கொண்டது: "இறங்கக் கூடாது என்பதற்கு என்ன ஆதாரம்?" அவசரம் வரும்போது இப்படித்தான் நடக்கிறது. வங்கியில் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறவருக்கும், ஆஸ்பத்திரியில் ஷிப்ட் முடியும் நேரத்தில் மருந்து மாற்றுகிறவருக்கும் இது பொருந்தும்.

அதைவிட ஆழமான காரணம் வேறு. அதற்கு முன்பும் சில தடவை மறுசோதனை இல்லாமல் நேரத்தை நீட்டியிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. அந்த "ஒன்றும் ஆகவில்லை" தான் எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறது, தப்பான பாடம். தப்பிப் பிழைத்ததை நான் சரியான முடிவுக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன். போபாலில் விஷவாயு கசிந்த 1984 டிசம்பர் 2 இரவுக்கு முன்பே, மாதக்கணக்கில், தொட்டியைக் குளிர வைக்கும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரமும் இணைப்பில் இல்லை. அப்படியே ஆலையில் நாட்கள் ஓடின. ஓடிய ஒவ்வொரு நாளும் "பரவாயில்லை" என்று சொல்லியிருக்கும்.

தீர்வை நான் தேவனாம்பட்டினம் மீனவர்களிடம்தான் கண்டேன். கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால், கரையில் நின்று கடலைப் பார்த்து யாரும் விவாதம் செய்வதில்லை. கடல் சாதுவாகத் தெரிந்தாலும் படகு மேட்டுக்கு வந்துவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதைப் பார்த்தவர்கள் அவர்கள். எந்த எண்ணுக்கு என்ன செய்வது என்பது மனசு அமைதியாக இருக்கும்போதே முடிவாகிவிட்டது. கடற்கரையில் மிச்சமிருப்பது அதைச் செய்வது மட்டும்தான்.

எங்கள் பர்மிட் படிவத்திலும் அப்படி ஏற்றினோம். 30 நிமிஷம் வேலை நின்றால் பழைய ரீடிங் செல்லாது. மழை பெய்தால் செல்லாது. ஷிப்ட் மாறினால் செல்லாது. அங்கே யோசிக்க எதையும் விடவில்லை. இப்போது ஆட்களே "கூண்டு ஏத்தியாச்சு சார்" என்கிறார்கள். கூடவே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெரிய முடிவு எதுவானாலும் அன்றே காரணத்தை ஒரு வரி எழுதிவிடுவேன். பிறகு புரட்டும்போது நல்லபடி முடிந்தவற்றில்கூடக் காரணம் சொத்தையாக இருப்பது தெரியும். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அன்று சாயங்காலம் வேலையை நிறுத்தினோம். டேங்கர் வரவழைத்து நிரம்பிய தொட்டியைக் காலி செய்தோம். இரவெல்லாம் தொட்டிக்குள் காற்றை ஊதும் புளோயர் ஓடியது. மறுநாள் சோதித்துவிட்டுத்தான் ஆள் இறங்கினார். ஒரு ராத்திரி உற்பத்தி போனது, அவ்வளவுதான்.

அந்தத் தொழிலாளியிடம் பிறகு கேட்டேன், ஏன் அவ்வளவு தயங்கினீர்கள் என்று. "நீங்களே கையெழுத்து போட்டுட்டீங்க. அப்பறம் நான் எப்பிடி சார் கேக்கறது?" என்றார்.

படிவத்தில் வரிசையை மாற்றிவிட்டோம். இறங்கப் போகிறவர் டிடெக்டரைத் தன் கையால் இறக்கி, ரீடிங்கைச் சத்தமாகப் படித்து, முதல் கையெழுத்தைப் போடுகிறார். என்னுடையது அதற்கும் கீழே, கடைசியில்.