நீக்கும் கருவிக்கு விளக்கம் எழுதுவது எப்படி?

“என் பழைய ஆர்டரை எடுத்துடுங்க.” இணையக் கடை ஒன்றின் சாட்டில் வாடிக்கையாளர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டரை ரத்து செய்யச் சொல்கிறாரா, பட்டியலில் தெரியாமல் மறைத்தால் போதுமா, அல்லது தரவுத்தளத்திலிருந்தே அழிக்க வேண்டுமா? கடையில் ஆள் இருந்தால் திரும்ப ஒரு வார்த்தை கேட்பார். அந்த இடத்தில் ஏஐ ஏஜென்ட் (நாம் தரும் கருவிகளை அழைத்துத் தானே வேலையை முடிக்கும் ஏஐ நிரல்) இருந்தால், அது என்ன செய்யும் என்பது பெரும்பாலும் நீக்கும் கருவிக்கு நாம் எழுதிவைத்த நாலு வரி விளக்கத்தைப் பொறுத்தது.

ஏஜென்டுக்குள் இருந்து உரையைப் படித்துப் பதில் எழுதும் மொழி மாதிரி தரவுத்தளத்தை நேரடியாகத் தொடுவதில்லை. உரையாடலோடு சேர்த்து, கருவிகளின் பட்டியலும் அதற்கு அனுப்பப்படுகிறது: ஒவ்வொன்றின் பெயர், விளக்கம், என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்ற வரையறை. அதைப் படித்துவிட்டு ‘பதிவை_நீக்கு, எண் 4172’ என்பதுபோல ஒரு கோரிக்கையை எழுதித் தருகிறது. வெளியே இருக்கும் சாதாரண நிரல்தான் அதை வாங்கி, தரவுத்தளத்தில் பதிவை அழிக்கும் ‘டெலிட்’ கட்டளையாக்கி ஓட்டுகிறது. கருவிக்குள் இருக்கும் நிரல் பொதுவாக மாதிரியின் கண்ணில் படுவதில்லை. விளக்கத்தில் இல்லாத எதையும் அது ஊகித்தே நிரப்ப வேண்டும்.

ஆகவே ‘பதிவை நீக்கும்’ என்று இரண்டே சொல்லில் முடிப்பது ஆபத்து. நான் இப்படி எழுதுவேன்: “ஆர்டர் அட்டவணையில் ஒரே ஒரு பதிவை நிரந்தரமாக நீக்கும். நீக்கியதை மீட்க முடியாது. ஆர்டரை ரத்து செய்ய இதைப் பயன்படுத்தாதே, அதற்கு ‘ஆர்டர்_ரத்து’ உள்ளது. பதிவு எண் தெரியாவிட்டால் ஊகிக்காதே, ‘ஆர்டர்_தேடு’ மூலம் கண்டுபிடி. நீக்கும் முன் ஆர்டரின் விவரத்தைக் காட்டி வாடிக்கையாளரின் சம்மதத்தைக் கேள்.” எப்போது பயன்படுத்தக் கூடாது என்ற வரிதான் இதில் அதிக வேலை செய்கிறது.

‘மீட்க முடியாது’ என்பதை யோசிக்காமல் எழுதிவிடக் கூடாது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் டெலிட் கொடுத்ததும் அந்த வரிசை (அட்டவணையில் ஒரு பதிவு) வட்டிலிருந்து உடனே அழிவதில்லை. அதை நீக்கிய பரிவர்த்தனையின் (ஒன்றாக உறுதியாகும் அல்லது ஒன்றாகக் கைவிடப்படும் கட்டளைத் தொகுப்பின்) எண் அதன்மேல் குறிக்கப்படும். பின்னால் ‘வேக்யூம்’ என்ற துப்புரவு வேலை வந்து இடத்தைக் காலி செய்யும். ஆனால் பரிவர்த்தனை உறுதியான பிறகு அந்த வரிசையைத் திரும்பக் கொண்டுவர வழக்கமான கட்டளை எதுவும் இல்லை. பல நிறுவனங்கள் இதற்காகவே உண்மையில் நீக்காமல், ‘நீக்கிய நேரம்’ என்ற புலத்தை மட்டும் நிரப்பி வைக்கின்றன. உங்கள் கருவி இரண்டில் எது என்று விளக்கம் சொல்லாவிட்டால், ஏஜென்ட் வாடிக்கையாளரிடம் “கவலைப்படாதீர்கள், மீட்டுக்கொள்ளலாம்” என்று பொய் வாக்குறுதி தந்துவிடக்கூடும். ஒரு பதிவை நீக்கினால் அதோடு இணைந்த பதிவுகளையும் சேர்த்து நீக்கும் ‘கேஸ்கேட்’ விதியும் அப்படித்தான். ஒரு வாடிக்கையாளரை நீக்கினால் அவருடைய ஆர்டர்கள் எல்லாம் சேர்ந்தே போய்விடும் என்றால், அதையும் எழுத வேண்டும்.

அப்புறம், கருவி திருப்பித் தரும் பதில். அந்த எண்ணில் பதிவே இல்லாவிட்டாலும், தரவுத்தளங்களுக்குக் கட்டளை தரும் மொழியான எஸ்கியூஎல் அதைப் பிழையாகக் கருதாது. 0 வரிசை நீக்கப்பட்டது என்று அமைதியாக முடித்துவிடும். கருவி அதையும் ‘வெற்றி’ என்று சொன்னால், நீக்கிவிட்டதாகவே ஏஜென்ட் வாடிக்கையாளரிடம் சொல்லும். எத்தனை வரிசை போனது என்ற எண்ணிக்கையைத் திருப்பித் தர வேண்டும். 0 வந்தால் அடுத்து என்ன செய்வது என்பதையும் அந்தப் பதிலிலேயே சொல்லிவிடலாம்.

நெட்வொர்க் நடுவில் அறுந்தால் ஏஜென்ட் அதே கோரிக்கையை மறுபடி அனுப்பக்கூடும். ‘4172-ஐ நீக்கு’ என்பதை இரண்டு முறை ஓட்டினாலும் போவது ஒரு பதிவுதான். ‘மிகப் பழையதை நீக்கு’ என்ற கருவியாக இருந்தால் இரண்டாம் முறை இன்னொரு பதிவு காணாமல் போகும். அப்படியொரு கருவியை ஏஜென்டிடம் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையில் (ஏஐ செயலிகளைக் கருவிகளோடு இணைக்கும் பொது விதிமுறை), ஒரு கருவி அழிக்கும் தன்மை கொண்டதா, திரும்ப அழைத்தாலும் கூடுதல் விளைவு இல்லாததா என்று குறிக்க இப்போது தனிப் புலங்கள் உள்ளன. ஆனால் அவை வெறும் குறிப்புகள் என்று நெறிமுறையே சொல்கிறது. விளக்கமும் பூட்டு ஆகாது. பூட்டு தரவுத்தளத்தில்தான் இருக்க வேண்டும்: ஏஜென்டின் கணக்குக்குத் தேவையான அட்டவணையில் மட்டும் நீக்கும் உரிமை, ஒரு வரிசைக்கு மேல் நீங்கினால் பரிவர்த்தனையையே கைவிட்டுப் பழைய நிலைக்குத் திருப்பும் சோதனை.

சரி, எழுதிய விளக்கம் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சோதனைத் தரவுத்தளம் ஒன்றை இணைத்து, மக்கள் உண்மையில் எழுதும் வாக்கியங்களை ஏஜென்டிடம் கொடுத்துப் பாருங்கள். “அதைத் தூக்கிடுங்க”, “கணக்கை முடிச்சிடுங்க”, “எடுத்துடுங்க”. ஒவ்வொன்றுக்கும் அது எந்தக் கருவியை அழைக்கிறது, எங்கே நின்று கேள்வி கேட்கிறது என்று குறித்துக்கொண்டு, தவறிய இடத்தில் விளக்கத்தைத் திருத்தி மறுபடி ஓட்ட வேண்டும்.